காற்றுக்குக் கொடுக்கும் கூலி

நவராத்திரிக் கொலுவுக்குத் தெர்மாகோலில் கோபுரம் வெட்டி விற்பது இந்தியாவில் சட்டவிரோதம். 2022 ஜூலை 1 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடைப் பட்டியலில், பலூன் குச்சி, உறிஞ்சு குழல் ஆகியவற்றோடு அலங்காரத் தெர்மாகோலும் இருக்கிறது. அதே நவராத்திரித் தள்ளுபடியில் வாங்கிய மிக்ஸிக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து வருகிற தெர்மாகோல் கட்டிக்கு அந்தத் தடை கிடையாது. இரண்டும் ஒரே பொருள்தான். குப்பையில் கிடக்கும்போது எது கோபுரம், எது முட்டு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சட்டம் எழுதியவர்களின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கோபுரம் இல்லாமலும் கொலு வைக்கலாம். முட்டு இல்லாத மிக்ஸி கோவையிலிருந்து திருநெல்வேலிக்கு முழுதாகப் போய்ச்சேருமா என்பது வேறு கேள்வி. மூன்று லாரி மாறி, இரண்டு கிடங்கில் இறங்கி ஏறி, கடைசியில் இருசக்கர வாகனத்தின் பின்பக்கப் பையில் குலுங்கி வரும் பெட்டி அது.

இந்தக் கேள்விக்குப் பெரிய நிறுவனங்கள் சமீப ஆண்டுகளில் ஒரே குரலில் சொல்லிவரும் பதில் ‘அட்டை’. கிடங்குகளில் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பேக்கிங்கை ஒழித்துவிட்டதாக அமேசான் இந்தியா 2020-இலும் ஃபிளிப்கார்ட் 2021-இலும் அறிவித்தன. வாடிக்கையாளர் கைக்கு வரும் பேக்கிங்கிலிருந்து 2028-க்குள் பிளாஸ்டிக்கை விலக்கும் திட்டத்தை மரச்சாமான் நிறுவனமான ஐகியா வெளியிட்டது. பழுப்புப் பெட்டி நல்லது, பளபளக்கும் உறை கெட்டது என்ற எண்ணம் வாங்குவோர் மனத்திலும் ஊன்றிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் பாதிதான் தேறுகிறது. எதனால் பொதிந்தார்கள் என்பதற்கு முன்னால் கேட்கவேண்டியவை இரண்டு: பொருளோடு சேர்த்து எவ்வளவு வெற்றிடத்தை அனுப்பினார்கள்? பிரித்துப் போட்ட பொதியைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா?

அட்டைப் பெட்டியின் பூர்வீகம் தொப்பிக்கடை. நெளிவுக் காகிதத்துக்கு 1856-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஹீலி, ஆலன் இருவரும் உயரமான தொப்பிகளுக்கு உள்பட்டை வைக்கத்தான் அதைச் செய்தார்கள். வீட்டுச் சாமான்களின் பக்கம் அதைத் திருப்பியவர் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ். 1871-இல் பாட்டில்களையும் விளக்குக் கண்ணாடிச் சிம்னிகளையும் சுற்றி அனுப்ப நெளிவுக் காகிதத்தைப் பயன்படுத்தும் முறைக்கு அவர் காப்புரிமை வாங்கினார். மூன்று ஆண்டு கழித்து ஆலிவர் லாங் நெளிவின் இருபுறமும் தட்டைத் தாளை ஒட்டினார். இன்று வாசலுக்கு வருகிற பெட்டியின் சுவரைக் கிழித்துப் பார்த்தால் தெரிவது, ஏறக்குறைய மாற்றமே இல்லாமல், அந்த 1874-ஆம் ஆண்டு அமைப்புதான்.

பெட்டி செய்யும் பட்டறைகளில் ‘மூணு பிளை’, ‘அஞ்சு பிளை’ என்பார்கள். இரண்டு தட்டைத் தாளுக்கு நடுவே ஒரு நெளிவுத் தாள் என்றால் மூன்று. இன்னொரு நெளிவும் இன்னொரு தாளும் சேர்ந்தால் ஐந்து. நெளிவுகள் செங்குத்தாக நிற்கும்படி அட்டையை வெட்டுவார்கள். கிடங்கில் எட்டுப் பெட்டியை அடுக்கினால், அடியில் இருப்பது மற்ற ஏழின் எடையைத் தாங்குவது அந்த நெளிவுகளின் பலத்தில்தான். அந்தப் பலத்தில் பெரும்பங்கு நான்கு மூலைகளில் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஆப்பிள்டன் நகரத்துக் காகித வேதியியல் நிறுவனத்தில் ராபர்ட் மெக்கீயும் அவருடைய சகாக்களும் 1963-இல் வகுத்த சூத்திரம் இன்றும் பெட்டித் தொழிலின் அரிச்சுவடி. அட்டையின் விளிம்பு எவ்வளவு அழுத்தம் தாங்கும், அட்டையின் தடிமன் என்ன, பெட்டியின் சுற்றளவு என்ன என்ற மூன்றும் தெரிந்தால் பெட்டி எந்த எடையில் நசுங்கும் என்று அது சொல்லிவிடும். சுற்றளவு இரு மடங்கானால் பலம் இரு மடங்காவதில்லை, வர்க்கமூல அளவில்தான் கூடுகிறது. பெரிய பெட்டியில் சின்னப் பொருளைப் போட்டு அனுப்புவது இந்தக் கணக்கிலும் நட்டம்.

சூத்திரம் ஆய்வுக்கூடத்தின் உலர்ந்த காற்றுக்கு எழுதப்பட்டது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது ஒரு பெட்டி தாங்கும் எடையில், ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும்போது ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். காகித நார் நீரை இழுக்கும். தாள்களை ஒட்டியிருக்கும் பசையும் பெரும்பாலும் ஸ்டார்ச். மக்காச்சோளத்திலிருந்து வரும், சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்தும் வரும். நனைந்தால் அதுவும் இளகும். தமிழ்நாட்டில் தீபாவளி விற்பனை உச்சத்துக்குப் போகிற ஐப்பசிதான் வடகிழக்குப் பருவமழை இறங்குகிற மாதமும். பிளாஸ்டிக் இல்லாத பேக்கிங் என்று குளிர்நாடுகளிலிருந்து வருகிற விதிகளை அப்படியே சென்னைக் கிடங்கில் அமல்படுத்தினால் அடிவரிசைப் பெட்டிகள் முதல் வாரத்திலேயே வயிறு தள்ளி நிற்கும். ஈரக்காற்றை ஈடுகட்ட மூன்று பிளை இருந்த இடத்தில் ஐந்து பிளை போடுவார்கள். காகிதம் கூடும், எடை கூடும். அதே வேலையைப் பெட்டிமேல் போர்த்திய மெல்லிய பாலித்தீன் தாள் சில கிராமில் முடித்துவிடும். மழைக்காலத்தில் அதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

அடுக்கில் நசுங்குவது ஒரு ஆபத்து. கை தவறி விழுவது அதைவிடப் பெரியது.

சர்வதேசப் பாதுகாப்பான போக்குவரத்துச் சங்கமான இஸ்டா வகுத்த அடிப்படைச் சோதனை ஒன்று இருக்கிறது. பெட்டியை முதலில் ஒரு மூலையில் விழவைப்பார்கள். அந்த மூலையில் கூடும் மூன்று விளிம்புகளில் ஒவ்வொரு முறை. பிறகு ஆறு முகங்களிலும் ஒவ்வொரு முறை. மொத்தம் பத்து வீழ்ச்சி. ஒன்பது கிலோவரை எடையுள்ள பெட்டிக்கு உயரம் 76 செ.மீ.; ஏறத்தாழ ஓர் ஆள் பெட்டியை இடுப்பளவில் பிடித்திருக்கும் உயரம். இந்தப் பத்தையும் தாண்டி மிக்ஸியின் ஜாடி முழுதாக இருக்கவேண்டும். கிரிக்கெட்டில் பந்தைப் பிடிக்கிறவர் கையைப் பின்னுக்கு இழுத்து வாங்குகிறாரே, முட்டுப்பொருளின் வேலை அதுதான்: வேகம் குறையும் நேரத்தை நீட்டி, அடியின் உக்கிரத்தைத் தணிப்பது. தெர்மாகோல் இதில் தேர்ந்த கை. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த நுரைத்த பாலிஸ்டைரீனில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்று. பொருளின் வடிவத்துக்கே வார்க்கலாம், நனைந்தாலும் பலம் போகாது, எடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

கசக்கித் திணித்த பழுப்புக் கிராஃப்ட் காகிதம் முதல் அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் லாரி ஓட்டத்தின் இடைவிடாத அதிர்வில் அது மெல்ல மெல்லப் படிந்து இறங்கிவிடும். பாதி வழி தாண்டுவதற்குள் பொருள் பெட்டியின் அடித்தளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் மேலே எவ்வளவு காகிதம் இருந்து என்ன? காகிதக் குடும்பத்தில் தெர்மாகோலோடு உண்மையில் மல்லுக்கட்டக்கூடியது வார்ப்புக் கூழ், அதாவது முட்டை அட்டை செய்யும் அதே பண்டம். பழைய காகிதக் கூழைப் பொருளின் வடிவத்துக்கு வார்த்து உலர்த்துகிறார்கள். உலர்த்துவதற்கு வெப்பம் செலவாகும். வேண்டிய வடிவத்துக்கெல்லாம் தனி அச்சு வேண்டும். ஐகியா 2015-இல் தன் பேக்கிங்கிலிருந்து தெர்மாகோலை விலக்கியது. லட்சக்கணக்கில் ஒரே அளவுப் பொருள் விற்கிறவருக்கு அச்சுச் செலவு கரைந்துபோகும். ஆண்டுக்குச் சில ஆயிரம் கிரைண்டர் செய்கிற சிறு உற்பத்தியாளருக்குக் கரையாது. தடைப் பட்டியலில் முட்டுத் தெர்மாகோல் இல்லாமல் போனதன் நடைமுறை நியாயம் இதில்தான் இருக்கிறது.

காற்றையே முட்டாக்கும் எண்ணம் பிறந்த விதம் சுவையானது. 1957-இல் நியூஜெர்சியின் ஹாதோர்ன் ஊரில் ஆல்ஃபிரெட் ஃபீல்டிங்கும் மார்க் ஷவான்னும் இரண்டு குளியலறைத் திரைகளை ஒட்டி, நடுவே காற்றுக் குமிழிகளைச் சிறைபிடித்து, சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் என்று விற்கப் பார்த்தார்கள். யாரும் சீந்தவில்லை. 1960-இல் சீல்டு ஏர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஐபிஎம் தன் 1401 கணினிகளைப் பத்திரமாக அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்தபோது பபுள் ராப்புக்கு வாழ்வு வந்தது. அதன் வாரிசுதான் பெட்டிக்குள் வரும் காற்றுத் தலையணை. வட அமெரிக்காவில் காற்றுத் தலையணைகளில் 95 சதவீதத்தைக் காகிதத்தால் மாற்றிவிட்டதாக 2024 ஜூனில் அமேசான் அறிவித்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 கோடித் தலையணைகள் இதனால் மிச்சமாகுமாம். அந்த எண்ணிக்கையே ஒரு வாக்குமூலம்: தேவைக்கு மேல் பெரிதான பெட்டிகள் அத்தனை கிளம்பிக்கொண்டிருந்தன. தலையணை போய்க் காகிதம் வந்தால் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக் குறையும், நல்லதுதான். ஆனால் பெட்டி அதே பெரிய பெட்டி. நிரப்பும் காகிதத்தின் எடை மட்டும் புதுச் சேர்க்கை.

எடை எவ்வளவு முக்கியம் என்பதற்கு உடையாத பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கரூர்ப் படுக்கைவிரிப்பு ஒன்று. அதை 25 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரமுள்ள மூன்று பிளைப் பெட்டியில் அனுப்பினால், மடிப்புகளையும் சேர்த்து கால் சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான அட்டை செலவாகும். சதுர மீட்டருக்கு 120 கிராம் தாள்களில் செய்த அட்டையானால் பெட்டியின் எடை சுமார் 110 கிராம். அதே விரிப்பை 50 மைக்ரான் பாலித்தீன் கூரியர் கவரில் போட்டால் கவரின் எடை 11, 12 கிராம். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோ பாலித்தீன் செய்வதில் வெளியாகும் கரியமில வாயு சுமார் 2 கிலோ. ஒரு கிலோ அட்டைக்கு, ஐரோப்பிய அட்டைத் துறை தனக்குத்தானே போட்டுக்கொண்ட கணக்கில், ஏறக்குறைய அரைக் கிலோ. கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால் அட்டை நாலு மடங்கு உத்தமம். பொதிக்குப் பொதி ஒப்பிட்டால் கவருக்கு 23 கிராம், பெட்டிக்கு 55 கிராம். தராசு மறுபக்கம் சாய்கிறது. இங்குள்ள காகித ஆலைக் கொதிகலன்களில் நிலக்கரியும் எரிவதால் இடைவெளி இன்னும் விரியவே வாய்ப்பு.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்காக ஃபிராங்கிளின் அசோசியேட்ஸ் 2004-இல் ஓர் ஆய்வு செய்தது. அஞ்சல்வழி விற்கும் துணிமணி போன்ற உடையாத பொருள்களை அனுப்பும் இருபதுக்கும் மேற்பட்ட பேக்கிங் முறைகளை, மூலப்பொருள் எடுப்பதிலிருந்து குப்பையாவது வரை அது அளந்தது. உறைகள் பெட்டிகளை வென்றன. காகித உறையானாலும் பிளாஸ்டிக் உறையானாலும். மறுசுழற்சி ஆகுமா ஆகாதா என்பதைவிட எத்தனை கிராம் என்பதே முடிவைத் தீர்மானித்தது. இருபது ஆண்டுக்கு மேலாகியும், துண்டும் தலையணை உறையும் பெட்டியில் வருவதையே தரம் என்று நினைக்கிற பழக்கம் போகவில்லை.

ஆனால் ஒரேகான் கணக்கு ஒரு இடத்தில் இந்தியத் தெருவுக்குப் பொருந்தாது. அங்கே பிளாஸ்டிக் கவர் கடைசியில் முறையான குப்பைக்கிடங்குக்காவது போய்ச்சேரும். இங்கே அது மழைநீர் வடிகாலுக்குப் போகும், மாட்டின் வயிற்றுக்குப் போகும், சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைமேடுகளுக்குப் போகும். உலகில் 2019-இல் சேர்ந்த 35 கோடி டன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சி ஆனது 9 சதவீதம் என்கிறது பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி. கழிவில் ஏறத்தாழ 40 சதவீதம் பேக்கிங்கிலிருந்து வந்தது. கரியமில வாயுக் கணக்கில் 23 கிராமுக்குத் தோற்ற அட்டைப் பெட்டி, இந்த இரண்டாம் கணக்கில் சுலபமாக ஜெயிக்கிறது. அதற்குக் காரணம் அட்டையின் புனிதம் அல்ல, தெருமுனைப் பழைய பேப்பர் கடை. அட்டையைக் கடைக்காரர் எடைபோட்டு வாங்குவார். வீட்டில் யாரும் விற்காவிட்டாலும் குப்பை பொறுக்குகிறவர் எடுத்துப்போய் அதே கடையில் போடுவார். அங்கிருந்து அது கிராஃப்ட் காகித ஆலைக்குப் போய் மறுபடி பெட்டியாகிறது.

தெர்மாகோலை அந்தக் கடைக்காரர் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒரு லாரி நிறைய ஏற்றினாலும் தேறும் எடை டீசல் காசுக்குக் காணாது. 98 சதவீதம் காற்று என்ற அதன் பெரிய குணமே பிரித்தபின் பெரிய சாபம். 2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர் ஆவியாகாமல் தடுக்க விரித்த தெர்மாகோல் அட்டைகளைக் காற்று சற்று நேரத்தில் கரைக்குத் தள்ளியதைத் தமிழ்நாடே பார்த்துச் சிரித்தது. அந்தச் சம்பவத்தில் பௌதிகம் தன் கடமையைத்தான் செய்தது.

எல்லாவற்றிலும் மோசமானவை கலப்பினங்கள். வெளியே காகிதம், உள்ளே குமிழி பிளாஸ்டிக் ஒட்டிய உறை பார்க்கக் காகிதம்போல இருப்பதால் வாங்குகிறவருக்கு மனநிறைவு. காகித ஆலைக்கும் ஆகாது, பிளாஸ்டிக் உருக்குகிறவருக்கும் ஆகாது. பெட்டிமேல் நாலாபுறமும் இழுத்து ஒட்டும் பழுப்பு டேப்பும் அந்த வகைதான். ஆலையின் கூழ்த்தொட்டியில் அது கரையாமல் சுருண்டு கிடக்கும். அள்ளியெடுத்துச் சிமென்ட் சூளைக்கு எரிபொருளாக அனுப்பவேண்டியிருக்கும். ஈரமாக்கி ஒட்டும் காகித டேப் சந்தையில் இருக்கிறது. கையிழுப்பு டேப்பின் வேகம் அதற்கு இல்லை என்பதால் பேக்கிங் மேசையில் இடம் கிடைப்பதில்லை.

அட்டைத் தரப்புக்கும் தன் சிக்கல்கள் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் காகித நார் குட்டையாகிறது. இடையிடையே புது நாரோ, நீளமான நார் உள்ள நல்ல பழைய அட்டையோ சேர்க்கவேண்டும். அதற்காக இந்திய ஆலைகள் அமெரிக்க, ஐரோப்பியப் பழைய பெட்டிகளை இறக்குமதி செய்கின்றன. 2021 ஜனவரி 1 முதல் சீனா எல்லாத் திடக்கழிவு இறக்குமதிக்கும் கதவை மூடியபோது, பழைய அட்டைக்குப் பதிலாகச் சுழற்சி செய்த கூழும் கிராஃப்ட் காகிதமும் சீனாவுக்குத் தேவைப்பட்டன. இந்திய ஆலைகளின் சரக்கு அந்தப் பக்கம் போக, உள்ளூரில் கிராஃப்ட் காகிதத்தின் விலை எகிறியது. சிறு பெட்டி உற்பத்தியாளர்கள் நாடெங்கும் முறையிட்டார்கள். வீட்டு வாசலில் கிடக்கும் பெட்டிக்கும் பெய்ஜிங்கின் குப்பைக் கொள்கைக்கும் அவ்வளவு நெருக்கம்.

இவ்வளவுக்கும் பிறகு எதை எதில் அனுப்புவது? துணிக்குப் பெட்டியே வேண்டாம். மழையில்லா மாதங்களில் காகித உறை, மழையில் மெல்லிய ஒற்றைவகை பாலித்தீன், அதுவும் திரும்ப வாங்க ஏற்பாடு இருந்தால். எவர்சில்வர் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி இறுக்கமான பெட்டியில் வைத்தால் முட்டுப்பொருள் அநேகமாகத் தேவைப்படாது. மிக்ஸி, குக்கர் போன்றவை ஏற்கெனவே உற்பத்தியாளரின் அட்டைப் பெட்டியில்தான் வருகின்றன. அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் போடுவதற்கு விற்பனைத் தளத்தின் பெயர் தெரியவேண்டும் என்பதைத் தவிரப் பெரிய காரணம் இல்லை. கண்ணாடி, பீங்கான் இரண்டிலும்தான் உண்மையான சங்கடம். அங்கே வார்ப்புக் கூழ் கட்டுப்படியாகாத சிறு வியாபாரி தெர்மாகோலையும் பபுள் ராப்பையும் தொடர்வதைக் குற்றம் சொல்வது சுலபமல்ல. உடைந்த பீங்கான் தட்டைச் செய்யச் செலவான சூளை வெப்பம் அதைக் காப்பாற்றியிருக்கக்கூடிய முட்டுப்பொருளின் செலவைவிட மிக அதிகம்.

வெற்றிடத்துக்கு விலை வைக்கக் கூரியர் நிறுவனங்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கிடைப்பது ‘வால்யூமெட்ரிக்’ எடை. உண்மை எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் போடும் வழக்கம் அந்தத் தொழிலில் பரவலானது. இரண்டரைக் கிலோ குக்கரை 40 × 30 × 30 பெட்டியில் வைத்தால் 7.2 கிலோவுக்குக் கூலி. கைப்பிடியைக் கழற்றி 32 × 22 × 20 பெட்டிக்குள் அடக்கினால் 2.8 கிலோவுக்கு. ஐகியாவின் வியாபாரமே இந்தக் கணக்கின்மேல் எழுந்தது. 1956-இல் அதன் வடிவமைப்பாளர் கில்லிஸ் லுண்ட்கிரென் லூவெட் என்ற மேசையின் கால்களைக் கழற்றிக் காரில் ஏற்றிய கதை பிரசித்தம். பிற்பாடு அவர்களுடைய பாங் என்ற சாதாரணக் காபிக் கோப்பையின் உயரத்தையும் கைப்பிடியையும் மாற்றி மாற்றி வடிவமைத்ததில், சரக்கு அடுக்கும் ஒரு பேலட்டில் 864 அடங்கியது 1,280 ஆகி, கடைசியில் 2,024 ஆனது. ஒரே லாரியில் இரண்டு மடங்குக்கு மேல் கோப்பை. இந்தப் பலனைப் பெறப் பிளாஸ்டிக்கையோ அட்டையையோ தடைசெய்ய வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் அளப்பது வேறொன்றை. பிளாஸ்டிக் கைப்பையின் குறைந்தபட்சத் தடிமன் 2021 செப்டம்பரில் 75 மைக்ரானாகவும் 2022 டிசம்பர் இறுதியில் 120 மைக்ரானாகவும் உயர்த்தப்பட்டது. தடித்த பைக்குப் பழைய பேப்பர் கடையில் மதிப்பு உண்டு என்பது நோக்கம். பைக்குப் பை பிளாஸ்டிக் கூடுவது விளைவு. பெட்டிக்குள் எத்தனை பங்கு காலி என்று அந்த விதிகள் கேட்பதில்லை. தென்கொரியா கேட்கிறது: தனிப்பட்ட வாடிக்கையாளருக்குப் போகும் பொதியில் வெற்றிடம் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2024 ஏப்ரல் இறுதியில் வந்தது, இரண்டாண்டு அவகாசத்தோடு. 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேக்கிங் சட்டம் அதே 50 சதவீத உச்சவரம்பை 2030 முதல் சுமத்துகிறது. அதில் ஓர் உட்பிரிவு கவனிக்கத்தக்கது. காகிதச் சுருள், காற்றுத் தலையணை, பபுள் ராப், தெர்மாகோல், மரச்சுருள் என எதைக் கொண்டு இடத்தை நிரப்பியிருந்தாலும் அது காலி இடமாகவே கணக்கில் வரும். காகிதம் என்பதற்காகச் சலுகை இல்லை. ஐரோப்பியச் சந்தைக்குள் வரும் பெட்டி எந்த நாட்டில் கட்டப்பட்டதானாலும் சட்டம் பொருந்தும். கரூரிலிருந்து ஹாம்பர்க்குக்குத் திரைச்சீலையும் சமையலறைத் துண்டும் அனுப்புகிறவர்கள், சென்னைக்கு அனுப்பும் பெட்டியில் யாரும் கேட்காத அந்த அளவை ஹாம்பர்க் பெட்டியில் காட்டவேண்டியிருக்கும்.